முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டைக் கோட்டைவிடும் வழிகள்

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து குடியேறியவர்கள் நிறைய. நாற்பதைத் தொடும் முன்பே பென்ஷனோடு வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். அடுத்த வேலை தேடியே ஆக வேண்டும். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் காமராஜர் துறைமுகம் என்று சுற்றிலும் அரசு நிறுவனங்கள்தான். ஆனாலும் தங்களுக்கென்று ஒதுக்கிய இடங்களைப் பலர் தேர்வு அறைக்குப் போகும் முன்னாலேயே, விண்ணப்பத்திலும் தேதியிலும் தவறவிடுகிறார்கள்.

முதலில் கணக்கு. மத்திய அரசின் குரூப் சி (கிளார்க் போன்ற வேலைகள்) நேரடி நியமனத்தில் 10 சதவீதம், பழைய குரூப் டி வேலைகளில், அதாவது இன்றைய ரயில்வே லெவல் 1 போன்றவற்றில், 20 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் இது 14.5, 24.5 என்று போகும், அதில் 4.5 சதவீதம் போரில் ஊனமுற்றவர்களுக்கும் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும். “அப்பா மிலிட்டரி, எனக்கு கோட்டா உண்டா அண்ணே?” என்று கேட்கும் பையன்களுக்கு ஒரே பதில்தான்: ஓய்வுபெற்றவரின் பிள்ளை என்பதற்காக இந்த ஒதுக்கீடு கிடைக்காது. இது வேலை பார்த்தவருக்கு உரியது. அவரும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

சீருடை போட்ட எல்லோரும் முன்னாள் படைவீரர் என்று நினைப்பது அடுத்த தவறு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மட்டும்தான் கணக்கு. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் வராது. முப்படையிலேயே கூட, பென்ஷனுக்கான காலம் முடியும் முன் குடும்பக் கஷ்டம் என்று சொந்த விருப்பத்தில் விலகி வந்தவருக்கு இந்தத் தகுதி கிடைக்காது. படையிலிருந்து வெளிவரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் விலகிய காரணம் என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் படித்துப் பார்ப்பதே இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அக்னிவீரர்களும் இப்போதைய விதிப்படி இதற்குள் வரவில்லை. அவர்களுக்கு சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் தனி ஒதுக்கீடு.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, கிடைத்த முதல் வேலையில் யோசிக்காமல் போய்ச் சேர்வது. ஒதுக்கீட்டின் பேரில் ஒரு நிரந்தர அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், மறுபடி அதே ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. உதாரணத்துக்கு ஒருவர் ஒரே வருடத்தில் ரயில்வே லெவல் 1, எஸ்எஸ்சி (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்), வங்கி கிளார்க் மூன்றுக்கும் விண்ணப்பிக்கிறார். முதலில் ரயில்வே முடிவு வருகிறது. தண்டையார்பேட்டை யார்டில் சேர்ந்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து எஸ்எஸ்சி பட்டியலில் பெயர் வருகிறது. இப்போது அவர் முன்னாள் படைவீரரா, இல்லையா?

இதற்கு 2014 ஆகஸ்ட் 14-ம் தேதியிட்ட மத்தியப் பணியாளர் துறை உத்தரவு ஒன்று வழி வைத்திருக்கிறது. முதல் வேலையில் சேர்ந்த உடனே, சேர்வதற்கு முன்பு எந்தெந்த வேலைக்கு, எந்தெந்தத் தேதியில் விண்ணப்பித்தோம் என்று அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு ஒதுக்கீடு அப்படியே இருக்கும். வெள்ளைத்தாள் போதும்: அறிவிப்பு எண், பதவி, விண்ணப்ப எண், தேதி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது. அந்த ஒரு தாளைக் கொடுக்காதவருக்கு, பின்னால் எஸ்எஸ்சி சரிபார்ப்பில் என்ன பேசினாலும் எடுபடாது. சேர்ந்த பிறகு புதிதாக வரும் அறிவிப்புகளுக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆனால் மத்திய அரசில் இதைவிட உயர்ந்த பதவிக்கு வயதுத் தளர்வை மட்டும் கேட்கலாம்.

இதே பயத்தில் டெக்ஸ்கோ (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம்) மூலம் வரும் காவலர் வேலையைக்கூட வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லாத பயம். ஒப்பந்த, தற்காலிக வேலை பார்த்தால் முன்னாள் படைவீரர் தகுதி போகாது. இன்னொரு பக்கம், டெக்ஸ்கோ வேலையையே அரசு வேலை என்று நினைத்துத் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம்.

வயதைப் பற்றிய குழப்பத்துக்கு ஒரு கணக்குப் போட்டாலே போதும். மத்திய அரசு குரூப் சி வேலைக்கு, இன்றைய வயதிலிருந்து ராணுவ சேவைக் காலத்தைக் கழியுங்கள். மீதி, அந்தப் பதவியின் உச்ச வயதை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டக் கூடாது. 40 வயதுக்காரர் 17 ஆண்டு சேவை செய்திருந்தால் மீதி 23. உச்ச வயது 27 உள்ள பதவிக்குத் தாராளமாகப் போகலாம். அவரே 50 வயதில் வந்தால் மீதி 33, வரம்பு 30, கதை முடிந்தது. “எனக்கு வயதாகிவிட்டது” என்று நாற்பதில் ஒதுங்குகிறவரும், “மிலிட்டரிக்காரனுக்கு ஏது வயது” என்று பத்து வருடம் சும்மா இருப்பவரும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான்.

மாநில அரசுக்கு இந்தக் கணக்கு செல்லாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்புகளில் முன்னாள் படைவீரருக்கென்று நேரடியாக ஒரு வயது வரம்பு போட்டிருப்பார்கள்: பொதுப் பிரிவுக்கு 50, மற்ற வகுப்பினருக்கு 55. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதமும் எடுக்க வேண்டும். பதினைந்து, இருபது ஆண்டு வடக்கே இருந்துவிட்டு வந்தவர்கள், “தமிழ்தானே” என்று தொடாமல் விட்டுவிடுவது இங்கேதான் காலை வாருகிறது.

டிகிரி இல்லை என்று பட்டதாரி வேலைகளைப் பார்க்காமலே விடுவதும் உண்டு. 15 ஆண்டு சேவை முடித்த, பத்தாம் வகுப்பும் ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையானதோ உள்ள ஒருவரை, தொழில்நுட்ப அனுபவம் கேட்காத மத்திய குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், பிரவுசிங் சென்டர் தவறுகள். “முன்னாள் படைவீரரா?” என்ற கேள்விக்கு, அவசரத்தில் கடைப் பையன் ‘இல்லை’ என்று அமுக்கிவிடுவான். கட்டணம் கட்டி, அச்செடுத்து, டீ குடித்துவிட்டு வந்த பிறகு பார்த்தால் திருத்துவது எளிதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே படியுங்கள். படையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்துத்தான் போட வேண்டும், நினைவிலிருந்து வேண்டாம்.

பெயரும் இப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் ம. செல்வம் என்றிருப்பவர் ராணுவ ஏட்டில் இனிஷியல் இல்லாத வெறும் செல்வமாகவோ, அப்பா பெயரும் சேர்ந்த செல்வம் மணியாகவோ ஆகியிருப்பார். வடக்கே எழுத்தர்களுக்கு நம்ம இனிஷியல் கணக்கு புரிவதில்லை. ராணுவ ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் இதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. சாதிச் சான்றிதழிலும் கவனம்: மத்திய அரசு வேலைக்கு நம்ம பிசி, எம்பிசி சான்றிதழ் செல்லாது, மத்திய வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். முன்னாள் படைவீரர் இடமும் அவரவர் பிரிவுக்குள்ளேயே நிரப்பப்படுவதால் இது முக்கியம். சான்றிதழ்களுக்குப் பதில் ராணுவக் கேன்டீன் கார்டைக் காட்டிச் சரிக்கட்டிவிடலாம் என்று வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை.

இன்னும் சேவையில் இருப்பவர்கள், படைச் சேவைக் காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கமாண்டிங் ஆபீசரின் சான்று வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஓராண்டை வீணாக்குகிறார்கள்.

திருவொற்றியூர், மணலி, மாதவரத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. 2018-ல் இந்தப் பகுதிகள் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. அதற்கு முன் ஓய்வுபெற்றுப் பதிவு செய்தவர்களின் பதிவு எந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கிறது, அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆணை) இரண்டின் அசலும் கையில் இருக்கட்டும்.