கிரப் மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி ஆன் ஆகிறது, உபுண்டு வரவில்லை, கறுப்புத் திரையில் கிரப் (உபுண்டுவை எழுப்பும் பூட் நிரல்) என்று மட்டும் நிற்கிறது. இப்படி என்னிடம் வரும் லேப்டாப்களில் கிரப் கெட்டதால் வந்த சேதத்தைவிட, அதைச் சரிசெய்யப் போய் வந்த சேதமே அதிகம். பென் டிரைவைக் கழற்ற மறப்பது போன்ற சின்னப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்வது

கணினியை எழுப்பும் பூட் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதிதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதை ஃபார்மட் செய்வதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு மாணவர் விண்டோஸும் உபுண்டுவும் இருந்த லேப்டாப்போடு வந்தார். லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து, உபுண்டு இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து (ஒரு ஃபோல்டரில் இணைத்து), சிஎச்ரூட் கட்டளையால் அந்த உபுண்டுவுக்குள் போய், கிரப்பை மறுபடி நிறுவும் கிரப்-இன்ஸ்டால் கொடுத்திருக்கிறார். "/பூட்/இஎஃப்ஐ ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் போலத் தெரியவில்லை" என்று பிழை வந்திருக்கிறது. பார்ட்டிஷனே கெட்டுவிட்டது என்று நினைத்து, அதை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்துவிட்டார்.

பார்ட்டிஷன் நன்றாகத்தான் இருந்தது. அவர் அதை மவுண்ட் செய்யவே இல்லை. ரூட்டுக்குள் அதே பெயரில் கிடந்த காலி ஃபோல்டரைத்தான் கிரப் பார்த்தது. அது இருப்பது ஃபேட்32-இல் அல்ல, லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மட்டில், அதனால் மறுத்தது. ஒரே ஒரு மவுண்ட் கட்டளையில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

பல கணினிகளில் வெறும் 100 எம்பி அளவே உள்ள அந்தப் பார்ட்டிஷனில்தான் விண்டோஸின் பூட் மேனேஜரும் இருக்கிறது. ஃபார்மட் செய்ததும் அதுவும் போயிற்று. போதாக்குறைக்கு அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று உபுண்டு வைத்திருக்கும் பட்டியலான எஃப்எஸ்டேப் பழைய எண்ணையே தேடும். கிரப்பை மீட்ட பிறகும் உபுண்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்பது இதனால்தான். எஃப்எஸ்டேப்பில் புதிய எண்ணை எழுதி, விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியில் பூட் செய்து விண்டோஸின் பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்டிய பிறகே இரண்டும் எழுந்தன.

எனவே முதலில் பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே -எஃப் கட்டளையைக் கொடுத்து, விஃபேட் (ஃபேட் வகை) என்று காட்டும் பார்ட்டிஷன் எது என்று பாருங்கள். ரூட்டை மவுண்ட் செய்தபின் இதை அதன் /பூட்/இஎஃப்ஐ-யில் மவுண்ட் செய்யுங்கள். லைவ் யூஎஸ்பியின் டெவ், ப்ராக், சிஸ், ரன் ஃபோல்டர்கள் நான்கையும் அந்த ரூட்டுக்குள் பைண்ட் செய்யுங்கள் (அங்கேயும் தெரியும்படி இணையுங்கள்). சிஎச்ரூட் அதற்கப்புறம்தான்.

லைவ் யூஎஸ்பியை லெகசியில் பூட் செய்வது

லெகசி என்பது யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய பழைய பயாஸ் பூட் முறை. லைவ் யூஎஸ்பியில் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா? இல்லையென்றால் லெகசியில் பூட் ஆகியிருக்கிறது என்று பொருள்; ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவில் அதே யூஎஸ்பியை யூஇஎஃப்ஐ என்ற குறிப்போடு காட்டும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய எம்பிஆர் நகலை முழுதாக எழுதுவது

எம்பிஆர் என்பது பழைய முறை டிஸ்க்கின் முதல் 512 பைட். சேமித்து வைத்த நகலிலிருந்து பூட் பகுதியை மீட்கும்போது திரும்ப எழுத வேண்டியது 512 அல்ல, முதல் 446 பைட் மட்டும். அதையடுத்த 64 பைட்டில் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது; பழைய நகல் அதையும் மாற்றிவிடும்.

விண்டோஸ் அப்டேட் முடிந்ததும் கிரப்பை நிறுவ ஓடுவது

பல நேரங்களில் கிரப் அப்படியே இருக்கும், பூட் வரிசை மட்டும் மாறியிருக்கும். பயாஸ் செட்டிங்கில் உபுண்டுவை மேலே ஏற்றினால் போதும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால், எதையும் மாற்றும் முன் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.