சோடியாக மலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு: சுமை முழுக்க வேகமானவரின் முதுகில்

இருவர் சோடியாக ஓடும் பல நாள் மலை சைக்கிள் போட்டியில் பம்ப், டூல்ஸ், உதிரி ட்யூப், கூடுதல் தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் வேகமாக ஏறக்கூடியவரிடமே கொடுத்துவிடுங்கள், பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டாம்.

சோடிக்குக் கணக்கு வைக்கப்படுவது பின்னால் வருபவரின் நேரம்தான், முன்னால் போனவர் மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதால் லாபம் ஒன்றும் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாரம்தான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் 2 கிலோ குறைவது சுமார் 2.5 சதவீதம், அதாவது இலங்கை மலையகத்தில் தம்பதென்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலை உச்சி வரை தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறும் பாதையை மெதுவானவர் 40 நிமிடத்தில் ஏறுவார் என்றால் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் மிச்சம், அதுவும் காசு செலவில்லாமல். (இதே 2 கிலோவை சைக்கிளில் குறைக்கப் போனால் என்ன செலவாகும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்!)

ஆனால் மழைக் கோட், சாப்பாடு, குடிக்க ஒரு போத்தல், இவை அவரவரிடமே இருக்கட்டும். அதே மலையகத்தின் ஒஹிய பக்கம் பனிமூட்டம் இறங்கினால் நிமிடத்தில் குளிர் பிடித்துவிடும், அப்போது கோட் முன்னால் போனவரின் பையில் இருந்து பயனில்லை.

இருவரும் ஒரே வேகம் என்றால், அல்லது அன்றைய பாதை பெரும்பாலும் சமதரையோ இறக்கமோ என்றால் இதைச் செய்து லாபமில்லை. சில போட்டிகளில் ஒவ்வொருவரும் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பொருட்கள் என்று விதி இருக்கும், அதை முதலில் பாருங்கள். அப்புறம், இருவரின் சக்கர அளவும் வேறு என்றால் இரண்டுக்கும் தனித்தனி ட்யூப் வேண்டும்.