விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றிலிருந்தும் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைவது எப்படி?

எஸ்எஸ்எச் (ssh) என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளைகள் கொடுக்கும் வழி. சர்வரின் ஐபி முகவரி, அதிலுள்ள பயனர் பெயர், பிரைவேட் கீ கோப்பு (சர்வருக்கு உங்களை அடையாளம் காட்டும் ரகசியக் கோப்பு) ஆகிய மூன்றும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

விண்டோஸ் என்றாலே புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும் என்று இன்னும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டிலிருந்தே விண்டோஸ் 10-இல் அதே வேலையைச் செய்யும் ஓப்பன் எஸ்எஸ்எச் கிளையன்ட் சேர்ந்தே வருகிறது. புட்டி நல்ல மென்பொருள்தான். ஆனால் அது பிபிகே என்னும் தனி வடிவத்தில் கீயைக் கேட்பதால், புட்டிஜென் என்ற துணைக் கருவி கொண்டு மாற்றும் வேலை கூடுதலாகச் சேர்கிறது. புதிதாகக் கற்பவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

படி 1: விண்டோஸில் பவர்ஷெல், மற்ற இரண்டிலும் டெர்மினல் திறக்கவும்.

படி 2: எஸ்எஸ்எச் என்ற கட்டளை, கழித்தல் குறியுடன் சிறிய ஐ, கீ கோப்பின் பாதை, பயனர் பெயர், @ குறி, ஐபி முகவரி என்ற வரிசையில் ஒரே வரியில் எழுதி என்டர் தட்டவும். பயனர் பெயர், @ குறி, ஐபி ஆகியவற்றுக்கு நடுவே இடைவெளி கூடாது. பாதையில் இடைவெளி இருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் இடவும்.

படி 3: முதல்முறை நுழையும்போது, சர்வரின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்துக்கோவையைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். சர்வர் வழங்குநரின் பக்கத்தில் உள்ள கைரேகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, யெஸ் என்று முழுமையாக எழுதவும்.

படி 4: பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். "பெர்மிஷன் டினைட்" என்ற கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுச் சர்வரின் மேல் பழிபோடுவது வழக்கம். சற்று மேலே ஏறிப் படித்தால், கீ கோப்பின் அனுமதிகள் மிகவும் திறந்திருப்பதால் அந்தக் கீயையே புறக்கணித்துவிட்டதாக உங்கள் கணினி எச்சரித்திருக்கும். பிறர் படிக்கக்கூடிய பிரைவேட் கீயை எஸ்எஸ்எச் தொடுவதே இல்லை.

மேக்கிலும் லினக்ஸிலும், கோப்பின் அனுமதிகளை மாற்றும் கட்டளையான சிஎச்மாட் (chmod) 600 என்று எழுதி, அதையடுத்து கோப்பின் பாதையைக் கொடுத்தால் முடிந்தது. முதல் எண்ணான 6, உரிமையாளருக்குப் படிக்கவும் எழுதவும் இடம் தருகிறது. அடுத்த இரண்டு சுழியங்கள் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் கதவை அடைக்கின்றன.

விண்டோஸில் சிஎச்மாட் கிடையாது. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று சென்று, டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் பொத்தானை அழுத்தவும். அப்போது வரும் இரண்டு தேர்வுகளில், இருக்கும் அனுமதிகளை நேரடி அனுமதிகளாக மாற்றும் கன்வர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் போன்ற வரிகளை நீக்கவும். உங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆகியவை இருந்தால் தொல்லையில்லை.

படி 5: ஒவ்வொரு முறையும் நீண்ட வரியை எழுதாமலிருக்க, உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியுடன் தொடங்கும் எஸ்எஸ்எச் (.ssh) கோப்புறைக்குள் கான்ஃபிக் (config) என்ற கோப்பை உருவாக்கி, ஹோஸ்ட் (Host: நீங்கள் வைக்கும் சுருக்கப் பெயர்), ஹோஸ்ட்நேம் (HostName: ஐபி முகவரி), யூசர் (User: பயனர் பெயர்), ஐடென்டிட்டிஃபைல் (IdentityFile: கீ கோப்பின் பாதை) ஆகிய நான்கு வரிகளை நிரப்பவும். அதன் பிறகு எஸ்எஸ்எச் கட்டளையோடு அந்தச் சுருக்கப் பெயரை எழுதினாலே போதும். நோட்பேட் இந்தக் கோப்புப் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி (.txt) என்று ஒட்டிவிடும். அந்த ஒட்டை நீக்காவிட்டால் எஸ்எஸ்எச் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது.

"கனெக்ஷன் டைம்டு அவுட்" என்று வந்தால் ஐபி முகவரியையும், ஃபயர்வாலில் எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் நுழைவாயிலான 22-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவும். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால், பெரும்பாலும் சர்வரை எட்டிவிட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் எஸ்எஸ்எச் இயங்கவில்லை என்று பொருள்.

பிற்சேர்க்கை: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் (WSL) வைத்திருப்பவர்கள், சிஎச்மாட் கொடுத்தும் அதே எச்சரிக்கை வருவதாக எழுதியிருந்தார்கள். கீ கோப்பு சி டிரைவில் இருக்கும்வரை, இயல்பான அமைப்பில் அந்தக் கட்டளை பிழை காட்டாமலே பயனற்றுப் போகிறது. கோப்பை டபிள்யூஎஸ்எல்லின் சொந்த ஹோம் கோப்புறைக்குள் நகலெடுத்து, அங்கே சிஎச்மாட் 600 கொடுக்கவும்.