சின்னப் படை எப்படி ஜெயித்தது? பானக்பர்ன் போரை நீங்களே பிரித்துப் பார்க்க ஒரு வழி

‘வீரத்தால் வென்றார்கள்’ என்று ஒரு போர்க்கதையை முடித்துவிட்டால் அப்புறம் யோசிக்க ஒன்றும் இருக்காது. தோற்றவர்கள் மட்டும் கோழைகளா என்ன? 1314 ஜூன் 23, 24 தேதிகளில் ஸ்காட்லாந்தில் நடந்த பானக்பர்ன் போரை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: எண்ணிக்கை

பழைய ஆவணங்கள் ஆள்கணக்கைத் தாராளமாக ஊதிவிடும், அப்படியே நம்ப வேண்டாம். இன்றைய கணிப்புகளில் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் படை பல ஆயிரம்தான். இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்டின் படை அதைப்போல இரு மடங்கு, அதற்கு மேலும் இருக்கலாம். தலைகளை எண்ணியதோடு நிற்காமல் வகையையும் குறியுங்கள். எட்வர்டிடம் கவசக் குதிரைப்படையும் வில்லாளர்களும் இருந்தார்கள். புரூஸிடம் பெரும்பாலும் நீண்ட ஈட்டி ஏந்திய காலாட்கள்.

படி 2: யாருக்கு அவசரம்?

ஸ்டர்லிங் கோட்டை ஆங்கிலேயர் வசம் இருந்தது. ஸ்காட்டுகள் அதை முற்றுகையிட்டபோது, ஜூன் 24-க்குள் உதவிப்படை வராவிட்டால் கோட்டையை ஒப்படைப்பதாக அதன் தளபதி பிலிப் மௌப்ரே ஒத்துக்கொண்டார். ஆக எட்வர்டுக்குக் கெடு, புரூஸுக்குக் காத்திருக்கும் வசதி. வருபவன் எந்தச் சாலையில் வருவான் என்பதும் தெரிந்துவிட்டது.

படி 3: நிலத்தை வரையுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கோட்டைக்குப் போகும் சாலையை வரைந்து, அதன் மேல் ஒரு காட்டைப் போடுங்கள். அங்கேதான் புரூஸ் நின்றார்; குதிரைகள் விழக் குழிகளும் வெட்டி வைத்திருந்தார். முதல் நாளே ஹென்றி டி போஹன் என்ற ஆங்கில வீரர் ஈட்டியை நீட்டிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தார். சிறிய குதிரையில் இருந்த புரூஸ் சட்டென விலகி, கோடரியால் ஒரே போடு. மண்டை பிளந்தது. ‘நல்ல கோடரி உடைந்துபோச்சே’ என்பதுதான் அவருடைய வருத்தமாம். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். போரை முடிவு செய்தது இது அல்ல, அன்றிரவு ஆங்கிலப் படை தங்கிய இடம்.

சாலையில் வழி அடைபட்டதால் அவர்கள் கீழே சதுப்பான தாழ்நிலத்துக்கு இறங்கினார்கள். இரண்டு பக்கமும் ஓடைகள். தாளில் இரண்டு கோடு போட்டு, நடுவே பெரிய படையை அடைத்துப் பாருங்கள். முன்வரிசையில் நிற்பவன்தான் சண்டை போட முடியும், பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனைத் தள்ளத்தான் முடியும். இரு மடங்கு ஆள் என்ற கணக்கு இங்கே படுத்துவிடுகிறது.

படி 4: தோற்ற போரோடு ஒப்பிடுங்கள்

என் பார்வையில் பலர் விட்டுவிடும் படி இது. 1298-இல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் இதே மாதிரி ஸ்காட்டிஷ் ஈட்டிக் கூட்டங்கள் (ஷில்ட்ரன் என்பார்கள்) ஒரே இடத்தில் அசையாமல் நின்றன. முதலாம் எட்வர்டின் (இரண்டாம் எட்வர்டின் தந்தை) வில்லாளர்கள் தூரத்திலிருந்தே அம்பு மழை பொழிந்து அணியைக் குலைத்தார்கள், பிறகு குதிரைகள் புகுந்தன. அதே ஆயுதம், அதே நாடு, ஆனால் தோல்வி.

1314-இல் என்ன மாறியது? ஈட்டிக் கூட்டங்கள் நிற்காமல் முன்னேறின, நெரிசலில் இருந்த எதிரிக்கு விலகி அணிவகுக்க இடமே கொடுக்கவில்லை. ஆங்கில வில்லாளர்கள் ஒரு பக்கமாக வந்து எய்யத் தொடங்கியதும், புரூஸ் தரப்பு ராபர்ட் கீத்தின் சிறிய குதிரைப்படை அவர்களைச் சிதறடித்தது. ஈட்டி ஜெயித்தது என்று எழுதாதீர்கள். நகர்ந்த ஈட்டி, வேலை செய்ய விடப்படாத வில் என்று எழுதுங்கள்.

படி 5: தலைமைக்குள் சண்டை

சுருக்கமாகப் பார்த்தால் போதும். ஆங்கிலேயரின் முன்னணிப் படைக்கு யார் தலைமை என்று குளோஸ்டர் பிரபுவுக்கும் ஹெரிஃபோர்ட் பிரபுவுக்கும் தகராறு. படைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்று சொன்ன குளோஸ்டரை அரசர் பழித்தார். ரோஷத்தில் முந்திக்கொண்டு பாய்ந்த அவர் ஈட்டிகளில் மாட்டி இறந்தார்.

எட்வர்ட் தப்பி ஸ்டர்லிங் கோட்டைக்கு ஓடினார். மௌப்ரே உள்ளே விடவில்லை: எப்படியும் கோட்டை கைமாறப்போகிறது, உள்ளே வந்தால் அரசரே கைதி. அரசர் டன்பாருக்குப் போய்க் கப்பலேறினார்.

சரி, அடுத்தது உங்கள் முறை. 1302 ஜூலை 11, கோர்ட்ரை (இன்றைய பெல்ஜியத்தில்): ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் காலாட்கள் பிரெஞ்சுக் குதிரைப்படையை வென்ற போர். முதலில் அங்கே இருந்த ஓடைகளையும் பள்ளங்களையும் வரையுங்கள்.