முன்பணம் கட்டும் முன்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, கல்விக்கடன் எல்லாம் ஆன்லைனில் போட்டுக் கொடுப்பேன். போன வாரம் ஒரு அம்மா ரசீது ஒன்றை நீட்டி, "இதுக்கு முதல் பட்டதாரி சலுகை வாங்கணும் அண்ணே" என்றார். பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா (நிர்வாகமே நேரடியாக நிரப்பும் சீட்), 40,000 ரூபாய் முன்பணம். எனக்கு 2019 ஞாபகம் வந்துவிட்டது.

கல்லூரிச் சேர்க்கையில் பெற்றோர் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். இனிஷியல் தவறு, பழைய வருமானச் சான்றிதழ் போன்றவற்றை இ-சேவை மையத்திலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கலந்தாய்வுக்கு முன்பே சீட் பிடிப்பது

2019-ல் என் மகன் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த மறுவாரமே ஒரு ஏஜென்ட் வந்தார். "இப்ப கட்டலைன்னா சீட் போயிடும்" என்றார். பயந்துபோய், மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். மதிப்பெண் வந்த பிறகு பார்த்தால், அதே கல்லூரியில் அதே பிரிவு, மதிப்பெண் வரிசைப்படி அரசு சீட் ஒதுக்கும் கலந்தாய்விலேயே கிடைத்திருக்கும்.

கலந்தாய்வு வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால், 2017-ல் நிர்ணயித்தபடி ஆண்டுக் கல்விக் கட்டணம் 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் 55,000. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதில் 25,000 ரூபாயை அரசே கல்லூரிக்குக் கட்டிவிடும். நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த பிள்ளைக்கு, பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தாலும் இது கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்விலேயே இல்லை.

அதோடு முடியவில்லை. 2024-ல் மகள் கலந்தாய்வில் சேர்ந்தாள். இவளுக்காவது கிடைக்கும் என்று முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். நிராகரித்துவிட்டார்கள். அண்ணன் 2023-லேயே பட்டம் வாங்கிவிட்டானே, வீட்டின் முதல் பட்டதாரி அவன்தான். அவனும் சலுகையைப் பயன்படுத்தவில்லை, இவளுக்கும் இல்லாமல் போனது. "பரவாயில்லப்பா" என்றாள். ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஃபீஸ் கட்டும்போது அந்த ஏஜென்ட் மேல் வரும் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல், வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பையனின் கதை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றிருக்கும். அதுவும் கலந்தாய்வு வழியாக மட்டும்தான். அவன் அப்பா வட்டிக்கு வாங்கி முன்பணம் கட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் என் கடைக்கு வந்தார்.

ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வருவது

கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது.

படிப்பு முடிந்த பிறகுதான் வட்டி என்று நினைப்பது

கல்விக்கடனில் தவணைதான் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தொடங்கும். வட்டி, வங்கி முதல் பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழைக் கொடுத்து, வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கேளுங்கள். திருவொற்றியூர் குடும்பம் ஒன்று கேட்காமல் விட்டது. நான்கு வருட வட்டியும் அசலோடு ஏறி நிற்கிறது.

7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டால், விதி எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பஸ் கட்டணம்

சேரும் முன்பே எழுதி வாங்குங்கள்.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே விலகினால், கட்டிய கட்டணத்தில் அதிகபட்சம் ஐந்து சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது. அவருக்கு இன்னும் நாள் இருந்தது. விலகல் கடிதம் டைப் செய்து, அறிவிப்பின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன். இன்னொரு பிரதியில் கல்லூரி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள் என்றேன். மகளின் கலந்தாய்வுப் பதிவை அன்றைக்கே போட்டுவிட்டோம்.