குமிழ் விடும் நீராகாரம்: வீட்டிலேயே ஒரு ப்ரீபயாட்டிக் பானம்

குடல் நலம் என்று சொல்லி விற்கப்படும் ப்ரீபயாட்டிக் சோடா அமெரிக்காவில் இன்று பெரிய வியாபாரம். ‘பாப்பி’ என்ற சோடாவைப் பெப்சிகோ 2025இல் சுமார் 195 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தகைய கேன்களில் பெரும்பாலும் இருப்பது சிக்கரி வேரிலிருந்தோ ஒருவகைக் கற்றாழையிலிருந்தோ எடுத்த இன்யூலின் என்ற நார்ப்பொருள், சில கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சில கிராமுக்காகக் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு யாரும் ஏங்க வேண்டியதில்லை; சோற்றை இரவு ஊறவைத்துக் கரைக்கும் நம் நீராகாரம் இருக்கிறது.

ப்ரோபயாட்டிக் என்றால் உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள். ப்ரீபயாட்டிக் என்றால் அவற்றுக்கான உணவு. அது நமக்குச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இப்படிச் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. சின்ன வெங்காயத்தில் இருப்பதோ இன்யூலின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரக்டான்.

தேவையானவை

புழுங்கல் அரிசிச் சோறு ஒரு கப், வெந்த கருப்புக் கவுனி அரிசி இரண்டு கரண்டி, கொதிக்கவைத்து ஆறிய நீர் மூன்று கப், மோர் அரை டம்ளர், சின்ன வெங்காயம் நான்கு, உப்பு. கவுனியைச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்து இனிப்பாகத்தான் நாம் பழகியிருக்கிறோம். தவிடு நீங்காத அரிசி என்பதால் இங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது. இரவே ஊறவைத்துத் தனியாகக் குக்கரில் வேகவிடுங்கள். புழுங்கல் அரிசியோடு சேர்த்தால் ஒன்று குழையும், மற்றது வேகாது.

பாத்திரம்

மண்சட்டிதான் சிறந்தது, கண்ணாடி, எவர்சில்வரும் சரி. இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கும் பழைய எனாமல் பாத்திரங்களை, விளிம்பு பெயர்ந்திருந்தால், தொடவே வேண்டாம். அந்தக் காலத்து வண்ணப்பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். புளிப்பு அவற்றைக் கரைக்கும். வெள்ளீயம் (கலாய்) பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது.

ஊறவைத்தல்

மாலையில் வடித்த சோற்றையும் வெந்த கவுனியையும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆவி அடங்கிக் கைச்சூடு போனதும் சட்டிக்கு மாற்றி, சோறு முழுவதும் மூழ்கும்படி நீர் ஊற்றி, மெல்லிய துணியால் வேடு கட்டுங்கள். சோற்றை வெறுமனே மணிக்கணக்கில் வெளியில் கிடக்கவிடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்குபவை. வெதுவெதுப்பான சோற்றில் அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. முந்தைய நாள் நீராகாரம் இரண்டு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும்.

சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் போதும். மார்கழியில் பன்னிரண்டு ஆகலாம். காலையில் துணியை நீக்கினால் ஓரங்களில் ஊசிமுனைக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். நீர் கலங்கி, கவுனியின் ஊதா லேசாக இறங்கியிருக்கும். இளம்புளிப்பு வாசம் வரும். வழுவழுப்போ நாற்றமோ நிறப்புள்ளியோ தெரிந்தால், தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கரைத்தல்

பலர் மேலாக நிற்கும் நீரை மட்டும் இறுத்துக் குடித்துவிட்டுச் சோற்றை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம். பாக்டீரியாவுக்கான உணவு சோற்றில்தான் இருக்கிறது! கையைக் கழுவிவிட்டு, பருக்கை தட்டுப்படாத அளவுக்குப் பிசைந்து கரையுங்கள். வடிகட்ட வேண்டாம். மோரும் உப்பும் கலந்து, வெங்காயத்தைத் தட்டிப் பச்சையாகவே போடுங்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய் உங்கள் விருப்பம்.

குமிழ் விடும் பானம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், மோரை விட்டுவிட்டு எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை சேராத வெறும் சோடாவை மேலாக ஊற்றி உடனே கொடுங்கள். குடலுக்கு அந்தக் குமிழால் எந்தப் பயனும் இல்லை, நாக்குக்கு உண்டு. 300 மில்லி கோலாவில் இருக்கும் சுமார் 30 கிராம் சர்க்கரை இதில் இல்லை என்பதே எனக்குப் போதும்.

எவ்வளவு குடிக்கலாம்?

முதல் வாரம் அரை டம்ளர். பழகாத குடலுக்கு நார்ப்பொருள் திடீரென்று கூடினால் வயிறு உப்பும். பிறகு மெல்லக் கூட்டலாம். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் வெங்காயத்தைத் தவிர்ப்பது நல்லது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை அன்றைய சோற்றுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்; இட்லிக்குமேல் கூடுதலாக ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மீந்ததை உடனே குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.