கொழுப்பை நீக்கித் தரச் சொல்லாதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை எங்கள் வடசென்னைப் பக்கத்தில் இப்போது தெருவுக்கு நாலு பேராவது பேலியோ, அதாவது ஆதிமனிதன் உணவுமுறை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை கிடையாது. கறி, மீன், முட்டை, கொஞ்சம் காய்கறி, அவ்வளவுதான். அதிலும் சிலர், ஆதிமனிதன் குக்கரா வைத்திருந்தான் என்று கேட்டுக்கொண்டு பச்சைக் கறி வரைக்கும் போய்விடுகிறார்கள். நான் பல வருடங்களாக இப்படிச் சாப்பிடுகிறவன் என்பதால் சந்தேகம் கேட்க வருகிறார்கள். வருவதற்குள், ஆரம்பத்தில் நான் விழுந்த பள்ளங்களில் எல்லாம் வரிசையாக விழுந்து எழுந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

மாலையில் டீக்கடையில் ஒரு பஜ்ஜி, யாரும் பார்க்காதபோது இரண்டு பிஸ்கட் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தவறு என்று தின்கிறவருக்கே தெரியும். ஒழுங்காகத்தான் செய்கிறோம் என்ற நிம்மதியோடு செய்கிற தவறுகள்தான் ஆளைப் படுக்கவைக்கின்றன.

கொழுப்பை வெட்டி எறிவது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டுக்கறிக் கடை வரிசையில் நில்லுங்கள். புதிதாக பேலியோ தொடங்கியவர் யார் என்று அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். எலும்பு வேண்டாம், ஜவ்வு வேண்டாம், கொழுப்பு ஒரு துளியும் வேண்டாம், தொடையில் தனிக் கறியாகப் போடுங்கள் பாய் என்பார். வெள்ளையாகத் தெரிகிற எல்லாவற்றையும் கடைக்காரர் கத்தியால் வழித்து ஓரமாகத் தள்ளுவார். நம் ஆள் கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டு, தான் சாப்பிட வேண்டியதில் முக்கியமானதைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

உடம்புக்கு எரிபொருள் வேண்டும். இதுவரை அது சோற்றிலும் தோசையிலும் இருந்து மாவுச்சத்தாக வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினால் அந்த இடத்துக்குக் கொழுப்பு வர வேண்டும். புரதம் அந்த வேலைக்கானது இல்லை. சுவர் கட்ட வாங்கிய செங்கல்லை அடுப்பில் வைத்துச் சோறு பொங்க முடியாது. கொஞ்சம் புரதத்தை எரித்து உடம்பு சமாளிக்கும். ஆனால் அப்படி எரிக்கும்போது மிஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி, சிறுநீரகம் வழியாக வெளியேற்ற வேண்டும். அதற்கு ஓர் அளவு உண்டு. மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 35 சதவீதத்துக்கு மேல் புரதத்திலிருந்தே எடுக்கப் பார்த்தால் உடம்பு முரண்டு பிடிக்கும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி என்று ஒவ்வொன்றாக வரும்.

கணக்காகவும் பார்க்கலாம். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 165 கலோரிதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி வேண்டுமானால் ஒரு கிலோ 200 கிராம் தின்ன வேண்டும். யாரும் தின்பதில்லை. கால் கிலோ தின்றுவிட்டு வயிறு நிறைந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருக்கிறார். உழைத்து முறுக்கேறிய உடம்பு. அவர் தொடங்கியபோது காலையில் முட்டை வெள்ளைக்கரு, மதியம் தோலில்லாத பிராய்லர் நெஞ்சு, இரவு மறுபடியும் அதே நெஞ்சு. மஞ்சள் கருவைக் குழந்தைகளுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்துவிடுவார் மனைவி. வீட்டில் சரியாகச் சாப்பிட்டது குழந்தைகள்தான். இரண்டாவது வாரமே மனிதர் கிறுகிறுத்துப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பேலியோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை சார், கறி சூடு என்று எங்கள் அம்மா அப்போதே சொன்னார்கள் என்றார். இரவு பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் முக்குக் கடையில் பரோட்டா சாப்பிட்டதையும் சொன்னார். கறியில் குறை இல்லை. கறியோடு வர வேண்டியதை அவர் வரவிடவில்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, முழு முட்டையாகச் சாப்பிடுங்கள், கோழியைத் தோலோடு வாங்குங்கள் என்றேன். என்னை ஒரு குற்றவாளியைப் போலப் பார்த்தார். கொழுப்பு இதயத்தை அடைக்கும் என்று டிவியில் சொன்னார்களே என்றார். தட்டு நிறையச் சோறு சாப்பிடுகிறவரிடம் கொழுப்பைக் குறைக்கச் சொன்னால் அவருக்குச் சோறாவது மிஞ்சும். சோற்றையும் எடுத்துவிட்டுக் கொழுப்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பட்டினிதான். காசு கொடுத்து வாங்கிய பட்டினி.

இது இன்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஆர்க்டிக் பகுதியில் இனுவிட் மக்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்த ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி, 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் கண்காணிக்க, ஆண்டர்சன் என்ற தோழரோடு சேர்ந்து, வெறும் இறைச்சி உணவைத் தொடங்கினார். ஒரு வருடம் அப்படியே இருந்தார்கள். தொடக்கத்தில் சோதனைக்காக ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டன. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் சாப்பிட்டதில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட கலோரி கொழுப்பிலிருந்துதான் வந்தது. வட அமெரிக்கக் காட்டுவாசிகள் இதை முயல் பட்டினி என்பார்கள். குளிர்காலத்தில் கொழுப்பே இல்லாத முயலை மட்டும் வயிறு முட்டத் தின்று நலிந்துபோவது. நம் ஊரில் முயலுக்குப் பதில் பிராய்லர்.

ஆகவே கடையில் கேட்கும் முறையை மாற்றுங்கள். நெஞ்செலும்பும் சாப்ஸும் கலந்து, கொழுப்போடு கேளுங்கள். நல்லி எலும்பு இரண்டு சேர்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒதுக்குகிற கொழுப்பைத் தனியாகக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் சந்தோஷமாகவே தருவார்கள். அதைச் சின்னத் தீயில் உருக்கி எடுத்துவைத்தால் முட்டை பொரிக்க ஆகும். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களுக்குப் பாதிச் செலவில் வேலை முடிந்தது. மீனில் வஞ்சிரத்துக்காக வரிசையில் நிற்காதீர்கள். கானாங்கத்தை, கவலை, மத்தி ஆகிய மூன்றும் விலையும் குறைவு, கொழுப்பும் அதிகம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பிராய்லர் நெஞ்சைப் பொட்டலத்தில் வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

பச்சைக் கறி

வேண்டாம். காரணம் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம்.

முன்னோர் வழி என்று சொல்கிறார்கள். எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றங்கரையில், நமக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த கற்கருவிகளின் வயது 15 லட்சம் வருடம் என்று 2011இல் கணித்தார்கள். அந்தக் கருவிகளை வைத்திருந்தவர்கள் கறியைப் பச்சையாகத் தின்றிருக்கக்கூடும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் 10 லட்சம் வருடத்துக்கு முந்தைய தீயின் தடயம் இருக்கிறது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கு வயது மூன்று லட்சம்தான். அதாவது மனிதன் மனிதனாவதற்கு முன்பே அடுப்பு வந்துவிட்டது. முன்னோரைப் பின்பற்றுகிறவர் எந்த முன்னோர் என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

இனுவிட் மக்கள் பச்சையாகத் தின்கிறார்களே என்பது அடுத்த வாதம். அவர்கள் பனியில் நின்று, அப்போதே கொன்ற விலங்கை அறுத்துத் தின்றவர்கள். அப்படியிருந்தும் வால்ரஸ் கறியிலிருந்து வருகிற டிரிக்கினெல்லா புழுவுக்குத் தப்பியதில்லை. நம்முடைய கறி புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி என்கிற இறைச்சிக்கூடத்தில் முத்திரை குத்தி வந்ததாகவே இருந்தாலும், கடையில் கொக்கியில் தொங்கி, குடல் வெட்டிய அதே கட்டையில் அதே கத்தியால் வெட்டுப்பட்டு, சித்திரை வெயிலில் வண்டியில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. இந்தச் சூட்டில் கிருமிகள் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும்.

ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தின்கிறேன் என்றார் ஓர் இளைஞர். போதுமான நாள் உறையவைத்தால் புழுக்களில் பல சாகும் என்பது உண்மை. சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் சாகாது; குளிரில் தூங்கும், வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கறி வெந்தது மாதிரி வெளுக்கும், வேகாது. அந்த இளைஞர் பிறகு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்தபோது நான் இதையெல்லாம் மறுபடி சொல்லவில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பச்சைக் கறி பேச்சையே எடுக்காதீர்கள். அரைவேக்காட்டு ஆட்டுக்கறியிலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றினால் அது வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும்.

பெல்வியூவில் அந்த இருவரும் கூடப் பெரும்பாலும் லேசாக வேகவைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

ஐஸ் இல்லாத மீன் பை

சமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இது. கானாங்கத்தை, மத்தி, சூரை ஆகியவை வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகிறது. அதைக் கொதிக்கவைத்தும் அழிக்க முடியாது, பொரித்தும் அழிக்க முடியாது. முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வீர்கள். விடியற்காலை காசிமேட்டில் வாங்கிவிட்டு, டீ குடித்து, நண்பரைப் பார்த்து, எட்டு மணிக்கு வியாசர்பாடி போய்ச் சேருகிறவர் பையில் ஒரு கை ஐஸ் போட்டுக்கொண்டால் என்ன?

தடைக்காலத்தை மறப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் முட்டையை நம்புங்கள்.

பத்துக் கிலோ வாங்கி அடுக்குவது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நிறைய ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் 48 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

தினமும் ஈரல்

சத்து நிறைந்தது என்று கேள்விப்பட்டதும் தினமும் கால் கிலோ ஈரல் வறுத்துத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆட்டு ஈரல் 100 கிராமிலேயே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. இது உடம்பில் சேர்ந்துகொண்டே போகிற சத்து, சிறுநீரில் போய்விடாது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. மற்ற நாட்களில் சுவரொட்டி (மண்ணீரல்), போட்டி (குடல்), தலைக்கறி என்று மாற்றுங்கள். ஆட்டில் ஈரல் மட்டுமா இருக்கிறது?

உப்பைக் குறைப்பது

மாவுச்சத்தை நிறுத்தினால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும். முதல் வாரத் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் பெரும்பாலும் அதனால்தான். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் உப்புப் போட்டு எலும்பு சூப் குடியுங்கள். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்காதீர்கள்.

பிரியாணியில் கறியை மட்டும் பொறுக்குவது

கூப்பிட்டவர் முகத்தைப் பாருங்கள்.

ஆடிக் கூழை மறுப்பது

வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு சொம்பில் எதுவும் கெட்டுவிடாது. சர்க்கரை நோயாளியானால் அரைச் சொம்பு.

மாத்திரை விஷயம்

இதில் இரண்டு விதமான ஆட்கள். சர்க்கரை குறைந்துவிட்டது என்று தானாகவே எல்லா மாத்திரையையும் நிறுத்துகிறவர் ஒருவர். அவரை எல்லோரும் எச்சரிப்பார்கள். மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்திவிட்டு, பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்கிறவர் இன்னொருவர். அவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை, ஆபத்து அவருக்குத்தான் சீக்கிரம் வரும். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரையும் வேலை செய்துகொண்டே இருக்கும். தட்டில் மாவுச்சத்து இருக்காது. சர்க்கரை தடாலென்று கீழே இறங்கும். டாபாக்ளிஃப்ளோசின் வகை எடுக்கிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோ அமிலம் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோகும். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான்: அழுத்தம் தானாக இறங்க, மாத்திரையும் இறக்க, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

சோற்றை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொண்டு, அளவை எப்படிக் குறைப்பது என்பதையும் கேட்டு வாருங்கள். சர்க்கரை, கிரியாட்டினின், யூரிக் அமிலம், கொலஸ்ட்ரால் நான்கையும் தொடங்கும் முன் ஒரு முறையும் மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் பரிசோதியுங்கள். கொழுப்பைச் சாப்பிடச் சொல்கிற நானே சொல்கிறேன்: சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் மிக அதிகமாக ஏறுகிறது. ஏறினால் அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கினால் ஈரலையும் மத்தியையும் அவர் சொல்லும் வரை நிறுத்துங்கள்.